மூட்டை ஏறும் தோளுக்கு எந்த பிளேட்? ஒரு காறை எலும்பு முறிவின் முழு விவரம்

காறை எலும்பு (காலர் போன்) முறிவுக்கு உலோக பிளேட் வைப்பது எலும்பு மருத்துவர்களான எங்களுக்குப் பெரிய அறுவை சிகிச்சை இல்லை, ஒன்றரை மணி நேர வேலை. ஆனால் எந்த பிளேட், எலும்பின் எந்தப் பக்கம் என்று கேட்டால் பத்து எலும்பு மருத்துவர்கள் பத்து விதமாகச் சொல்வார்கள். நானும் ஆரம்ப வருடங்களில், அன்று தியேட்டருக்கு வந்த பெட்டியில் எது இருக்கிறதோ அதை எடுத்து வைத்திருக்கிறேன். அந்தப் பழக்கம் இந்த ஒரு நோயாளியிடம்தான் மாறியது. அவர் அனுமதி கொடுத்திருக்கிறார், பெயரும் ஊரும் மட்டும் வேண்டாம்.

வயது 38. காய்கறி மார்க்கெட்டில் லோடுமேன், இருபது வருடமாக அதே வேலை. வலது கைக்காரர், மூட்டையும் வலது தோளில்தான் ஏற்றுவார். அதிகாலை மூன்றரைக்கு லாரி இறக்க மொபெட்டில் போகும்போது நாய் குறுக்கே வந்து, வலது தோள் நேராகத் தார் ரோட்டில் அடிக்கும்படி விழுந்திருக்கிறார். கையை ஊன்றி விழுந்தால்தான் காறை எலும்பு உடையும் என்று நாங்கள் படித்த பழைய புத்தகங்கள் சொல்லும், நடைமுறையில் பெரும்பாலான முறிவுகள் இப்படித் தோளே நேராக அடிபடுவதால்தான் வருகின்றன.

விழுந்த அன்று அவர் எங்களிடம் வரவில்லை. பக்கத்து ஊரில் எலும்புக் கட்டுப் போடுபவரிடம் போய், பச்சிலை அரைத்துப் பூசி, தோளைச் சுற்றித் துணி கட்டிக்கொண்டு வீட்டில் இருந்திருக்கிறார். அவர் அங்கே போனதற்குக் காரணம் இருக்கிறது. பெட்டில் படுக்க வேண்டாம், கூட ஒரு ஆள் இருக்க வேண்டாம், வீட்டில் இன்னொருவர் கூலியும் போகாது. ஆறாவது நாள் வலி தாங்காமல், கட்டுக்குக் கீழே தோல் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியதைப் பார்த்துப் பயந்துபோய் அவர் மனைவி கூட்டிக்கொண்டு வந்தார். அந்தத் தோலில் கத்தி வைக்க முடியாது. கட்டைப் பிரித்து, சுத்தம் செய்து, ஸ்லிங்கில் கையைப் போட்டு, தோல் காய்வதற்கே ஒரு வாரம் காத்திருந்தோம். அறுவை நடந்தது விழுந்த 13வது நாள்.

பரிசோதனையில், உடைந்த எலும்பில் கழுத்துப் பக்கம் இருக்கும் உள்துண்டின் நுனி தோலை உள்ளேயிருந்து கூடாரம் போலத் தூக்கிக்கொண்டிருந்தது, கிழிக்கவில்லை. மணிக்கட்டில் நாடி இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, விரல்கள் ஐந்தும் அசைகின்றன, உணர்ச்சி சரி. இதை முதல் நாளே பார்த்து எழுதி வைத்துவிட வேண்டும், அறுவைக்குப் பிறகு விரல் மரத்துப்போனால் அது விழுந்ததால் வந்ததா நம் கையால் வந்ததா என்று சொல்ல வேறு வழி கிடையாது. மார்பு எக்ஸ்ரேயில் விலா எலும்பு சரி, நுரையீரலைச் சுற்றிக் காற்று இல்லை.

காறை எலும்புக்கு நேராக ஒரு படமும், குழாயை 20 டிகிரி மேல்நோக்கிச் சாய்த்து ஒரு படமும் எடுத்தோம். நேர்ப்படத்தை மட்டும் பார்த்தால் பாதி விஷயம் தெரியாது. எலும்பை மூன்று பங்காகப் பிரித்தால் நடுப் பங்கில், அதாவது நடு மூன்றில் முறிவு, இரண்டு துண்டும் ஒன்றையொன்று தொடவே இல்லை, நடுவில் ஒரு மூன்றாவது துண்டு செங்குத்தாகத் திரும்பி நிற்கிறது. எங்கள் பேச்சில் இதை இசட் துண்டு என்போம். மற்ற பக்கத்தோடு ஒப்பிட்டு அளந்தால் எலும்பின் நீளம் 22 மில்லிமீட்டர் குறைந்திருந்தது.

இந்த எலும்பைப் பற்றி ஒரு வார்த்தை. காறை என்றால் பழைய தமிழில் கழுத்தில் போடும் வளையம், அந்த நகை உட்காரும் இடத்தில் இருப்பதால் காறை எலும்பு. கருவில் முதலில் எலும்பாக மாறத் தொடங்குவதும் இதுதான், உள்முனை முழுதாக ஒட்டுவது இருபது வயதைத் தாண்டித்தான். கையை உடம்போடு சேர்க்கும் எலும்புப் பாலம் இது ஒன்றே, மற்றதெல்லாம் தசை. மேலிருந்து பார்த்தால் எஸ் வடிவம், அந்த வளைவு மாறும் இடத்தில், நடு மூன்றும் வெளி மூன்றும் சேரும் பக்கத்தில், எலும்பு மெலிந்து, அதிகத் தசைப் பாதுகாப்பு இல்லாமல் இருக்கிறது. அதனால்தான் பத்தில் எட்டு முறிவு நடுப்பகுதியில் விழுகிறது. உடைந்ததும் கழுத்துத் தசை உள்துண்டை மேலே இழுக்கும், கையின் எடை வெளித்துண்டைக் கீழே இழுக்கும், மார்புத் தசை தோளை உள்ளே இழுத்து நீளத்தைக் குறைக்கும். இந்த மூன்று இழுப்பையும் எந்த பிளேட் எப்படித் தாங்குகிறது என்பதுதான் கேள்வி.

அறுவையே வேண்டாமா?

இதை முதலில் கேட்டவர் அவர் மனைவி. "கட்டுப் போட்டாலே கூடிரும்னு எல்லாரும் சொல்றாங்களே சார்" என்றார். அவர் கேட்டதில் தவறே இல்லை. 1960இல் நியர் என்ற அமெரிக்க மருத்துவர் 2235 நோயாளிகளை அறுவையில்லாமல் பார்த்து, அதில் 3 பேருக்கு மட்டுமே எலும்பு கூடவில்லை என்று எழுதினார். அந்த ஒரு கணக்கை வைத்து எங்கள் துறையே நாற்பது வருடம் காறை எலும்பைத் தொடாமல் இருந்தது. அந்தக் கூட்டத்தில் சிறுவர்கள் உண்டு, விலகாத முறிவுகள் உண்டு, எல்லாம் கலந்த எண் அது. 1997இல் வெளிவந்த ஓர் ஆய்வு, முழுதாக விலகிய நடு மூன்று முறிவுகளை மட்டும் தனியாக எடுத்து 52 பேரைப் பார்த்தது. 15 சதவீதம் பேருக்குக் கூடவில்லை, மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவானவர்கள் பலனில் திருப்தி இல்லை என்றார்கள், 20 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ குறுகினால் ஆபத்து கூடுகிறது என்பதும் அதில்தான் வந்தது. 2007இல் கனடா மருத்துவர்கள் பல மருத்துவமனைகளில் 132 பேரைச் சீட்டுப் போட்டுப் பிரித்து ஒப்பிட்டார்கள். ஒரு வருடம் கழித்து, பிளேட் வைத்த 62 பேரில் 2 பேருக்குக் கூடவில்லை, ஸ்லிங் மட்டும் போட்ட 49 பேரில் 7 பேருக்குக் கூடவில்லை, இன்னும் 9 பேருக்குக் கோணலாகக் கூடித் தொந்தரவு தந்தது.

இதைத் தலைகீழாகவும் படிக்க வேண்டும். ஸ்லிங் போட்டவர்களிலும் பெரும்பான்மைக்கு எலும்பு கூடிவிட்டது. மேசையில் உட்கார்ந்து கணக்கெழுதும் ஒருவருக்கு இதே எக்ஸ்ரே இருந்தால் நான் கத்தியைப் பற்றி அவசரப்பட மாட்டேன், ஸ்லிங் போட்டு வாராவாரம் பார்த்துக்கொள்ளலாம் என்பேன். இரண்டு தோளையும் பின்னால் இழுத்துக் கட்டும் எட்டு வடிவ பெல்ட்டை விடச் சாதாரண ஸ்லிங்கே போதும், அக்குளில் அறுக்காது.

இவருக்கு அப்படி இல்லை. முழு விலகல், 22 மில்லிமீட்டர் குறுக்கம், இசட் துண்டு, ஒரு நாளைக்கு ஒரு கட்டு பீடி, கூடவே தோளால் பிழைக்கும் தொழில். புகை எலும்பு கூடாமைக்கு முக்கியமான காரணங்களில் ஒன்று, இந்த எலும்பில் அது தெளிவாகவே காட்டப்பட்டிருக்கிறது. அறுவை என்று முடிவு செய்தோம்.

தலையணையை வைத்துக் காட்டச் சொன்னது

அறுவைக்கு இரண்டு நாள் முன்பு வார்டில் ரவுண்ட்ஸ் போகும்போது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. வலது காறை எலும்புக்கு மேலே, சரியாக நடுப்பகுதியில், தோல் கருத்துத் தடித்துக் காய்ப்புக் காய்ச்சிப்போயிருந்தது. பச்சிலைக் கொப்புளத்தின் தழும்பு என்றுதான் முதலில் நினைத்தேன். கேட்டதற்கு, "அது மூட்ட உக்கார்ற எடம் சார்" என்றார். இடது தோளில் தலையணையை வைத்துக் காட்டச் சொன்னேன். கழுத்தடியிலிருந்து தோள் நுனி வரை சாக்கு சாய்ந்து படுக்கிறது, அதன் முன் விளிம்பு காறை எலும்பின் மேல்பரப்பில் அழுத்துகிறது. ஐம்பது கிலோ வெங்காய மூட்டை, ஒரு நாளைக்கு நூறு முறைக்கு மேல்.

நான் வழக்கமாக பிளேட் வைக்கும் இடம் அந்த மேல்பரப்புதான். அந்தத் தோலுக்குக் கீழே கொழுப்பே கிடையாது, ஒரு மெல்லிய கழுத்துத் தோல்தசை, அதற்குக் கீழே நேராக எலும்பு. அங்கே மூன்று நான்கு மில்லிமீட்டர் உலோகத்தை வைத்து அதன் மேல் தினமும் மூட்டையை இறக்கினால் என்ன ஆகும் என்று யோசித்தபோது, இத்தனை வருடத்தில் நான் பிளேட் வைத்த கூலித் தொழிலாளிகள் எத்தனை பேர் பழைய வேலைக்குத் திரும்பினார்கள் என்று ஒருமுறையாவது விசாரித்திருக்கிறேனா என்ற கேள்வி எழுந்தது. எக்ஸ்ரேயில் கூடியிருந்தால் சந்தோஷப்பட்டு அனுப்பியிருக்கிறேன், அவ்வளவுதான்.

கையில் இருந்த வழிகள்

முதலில் ரீகன் பிளேட். 3.5 மில்லிமீட்டர் ஸ்க்ரூவுக்கானது, துளைகளுக்கு நடுவில் பக்கவாட்டில் வெட்டுப் பள்ளம் இருக்கும், அதனால் எல்லாத் திசையிலும் கையாலேயே வளைக்கலாம். எஸ் வடிவ எலும்புக்கு அழகாக உட்காரும், விலையும் குறைவு. காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு அறுவைக்கு இவ்வளவு என்று மொத்தமாக ஒரு தொகை, இம்ப்ளான்ட்டும் அதற்குள் அடக்கம், அதனால் திட்டத்தில் செய்யும்போது சப்ளையர் பெட்டியில் பெரும்பாலும் இதுதான் வரும். ஆனால் நாம் சுலபமாக வளைப்பதைத் தோளும் சுலபமாக வளைக்கும். இவருக்கு இரண்டு வருடம் முன்பு ஓர் இளைஞருக்கு நான் ரீகன் பிளேட் வைத்தேன். ஏழாவது வாரம் வீட்டில் கேஸ் சிலிண்டரைத் தூக்கியதில், முறிவுக்கு நேரே இருந்த பள்ளத்தில் பிளேட் மடங்கிவிட்டது. இடுப்பிலிருந்து எலும்பு எடுத்து வைத்து மறுபடி செய்ய வேண்டி வந்தது. அந்தப் பையன் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை. துண்டுகள் உதிர்ந்த முறிவுக்கும் எடை தூக்குபவருக்கும் ரீகன் பிளேட்டை அன்றோடு நிறுத்திவிட்டேன்.

அடுத்து நேர் டி.சி.பி., முறிவை இறுக்கிச் சேர்க்கும் நேரான தடித்த பிளேட். பலமானது, ஆனால் விறைப்பு. காறை எலும்பின் வளைவுக்கு அதை வளைப்பதற்குள் மணிக்கணக்காகும், சரியாக வளைக்காவிட்டால் ஸ்க்ரூவை முறுக்கும்போது எலும்பு பிளேட்டை நோக்கி இழுபட்டு, சேர்த்து வைத்தது மறுபடி கோணும்.

அப்புறம் எலும்பின் வடிவத்துக்கே வார்த்து வரும் லாக்கிங் பிளேட். இன்று நகரத்து மருத்துவமனைகளில் பெரும்பாலும் மேல்பரப்பில் வைப்பது இதைத்தான். லாக்கிங் என்றால் ஸ்க்ரூவின் தலை பிளேட்டின் துளையிலேயே மரை பிடித்துப் பூட்டிக்கொள்ளும், பிளேட்டும் ஸ்க்ரூவும் ஒரே சட்டமாக நிற்கும். வயதானவர்களின் மெலிந்த எலும்பிலும், துண்டுகள் உதிர்ந்து பாலம் போல பிளேட் தாங்க வேண்டிய இடத்திலும், வெளிமுனையில் பிடிமானம் குறைந்த முறிவிலும் இதன் மதிப்பு பெரியது. நல்ல எலும்புள்ள இளைஞரின் இரண்டே துண்டு முறிவுக்குச் சாதாரண ஸ்க்ரூவே போதும், லாக்கிங் என்ற பெயருக்காக வீட்டை அடகு வைக்கத் தேவையில்லை. இதை நோயாளிகளிடம் நேரடியாகவே சொல்லிவிடுவேன். டைட்டானியமா ஸ்டீலா என்பதும் அப்படித்தான். டைட்டானியத்தின் விறைப்பு ஸ்டீலில் ஏறக்குறைய பாதி, எலும்போடு கொஞ்சம் இசைந்து கொடுக்கும், எம்.ஆர்.ஐ. எடுத்தால் படம் குறைவாகக் கெடும். ஸ்டீல் விலை குறைவு. எலும்பு கூடுவதில் நான் பெரிய வித்தியாசம் பார்த்ததில்லை.

அளவில் சிறிய இரண்டு பிளேட், மேலே ஒன்று முன்னால் ஒன்று. 2.7, 2.4 மில்லிமீட்டர் ஸ்க்ரூவுக்கான மெல்லிய பிளேட்டுகள், ஒன்றுக்கொன்று செங்கோணத்தில். தோலில் துருத்தாது, உறுத்தலுக்காக மறுபடி திறந்து எடுக்கும் தேவை குறைகிறது என்று வந்த ஆய்வுகள் நம்பிக்கை தருகின்றன. இசட் துண்டைப் பிடிக்க மிக வசதி. இவருக்கு யோசித்தேன், ஆனால் இதிலும் ஒன்று மூட்டை உட்காரும் மேல்பரப்பிலேயே இருக்கும். சிறு பிளேட் செட்டை வெளியூரிலிருந்து வரவழைக்கவும் வேண்டும்.

எலும்புக்குள் செலுத்தும் டைட்டானியம் எலாஸ்டிக் கம்பி. வெட்டுச் சின்னது, தழும்பு குறைவு, இரண்டு துண்டாக உடைந்த இளம் எலும்புக்கு அழகான வழி. இசட் துண்டோடு 22 மில்லிமீட்டர் குறுகிய எலும்பில் கம்பி நீளத்தைப் பிடித்து வைக்காது, உள்முனையில் தோலைக் குத்தும், அப்புறம் எடுக்கவும் வேண்டியிருக்கும். இவருக்கு இல்லை. ஹூக் பிளேட் தோள்முனையோரம் உடைந்தால் மட்டும் வைப்பது, இங்கே பேச்சே இல்லை.

கடைசியாக, முன்-கீழ்ப் பக்கத்தில் வைக்கும் 3.5 பிளேட். எலும்பின் முன்பரப்பில், மார்புத் தசையும் தோள் தசையும் ஒட்டும் இடத்தில். தசை மேலே மூடிக்கொள்வதால் கைக்கு பிளேட் தட்டுப்படாது. அந்தத் திசையில் எலும்பு அகலம் என்பதால் ஸ்க்ரூவும் நீளமாகப் பிடிக்கும். நடு மூன்றில் டிரில் கீழிருந்து மேல்நோக்கிப் பின்னால் போகிறது, நுரையீரலையும் பெரிய ரத்த நாளங்களையும் விட்டு விலகிப் போகிறது. ஆனால் உள்மூன்றுக்குப் போகும்போது கவனம் வேண்டும், அங்கே பெரிய சிரை எலும்பின் பின்பக்கத்தை ஒட்டியே ஓடுகிறது, முன்னிருந்து பின்னாகத் துளைப்பதுதான் அங்கே ஆபத்தான திசை. முன் பிளேட் பாதுகாப்பானது என்று பொதுவாகச் சொல்லும்போது இந்த ஒரு வரியை விட்டுவிடக் கூடாது.

இதற்கு எதிர்வாதமும் இருக்கிறது. கையின் எடை வெளித்துண்டைக் கீழே இழுக்கும்போது எலும்பின் மேல்பரப்புதான் விரிகிறது, அதனால் மேலே வைத்த பிளேட் இயக்கவியல்படி அந்த வளைவை நன்றாகத் தாங்கும், ஆய்வகத்தில் செய்த பல சோதனைகளில் மேல் பிளேட்டுக்கே அதிக மதிப்பெண். முன் பிளேட்டுக்காகத் தசையின் ஒட்டுகளைக் கொஞ்சம் பிரிக்கவும் வேண்டும். ஆனால் நோயாளிகளை வைத்துப் பார்த்த ஆய்வுகளில் எலும்பு கூடும் விகிதம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றாகவே வருகிறது. பலத்தில் இரண்டும் போதும் என்றால், அந்தத் தோளில் எது உறுத்தாமல் இருக்கும் என்பதை வைத்து நான் முடிவு செய்வேன். மேல் பிளேட் வைத்த பெண்கள் ஜாக்கெட்டின் தோள்பட்டை உறுத்துகிறது என்று வருவதும், பை மாட்டும் மாணவர்கள் வருவதும் இதே கணக்குதான், ஐம்பது கிலோவில் அது பல மடங்கு.

பிளேட் என்றால் உடையவே உடையாது என்று நம்புகிறவர்களுக்கு நான் சொல்வது மோட்டார் சைக்கிள் பந்தய வீரர் ஹோர்ஹே லொரென்சோவின் கதை. 2013 ஜூனில் நெதர்லாந்தின் ஆஸன் மோட்டோஜிபி பயிற்சியில் விழுந்து இடது காறை எலும்பை உடைத்துக்கொண்டார், இரவோடு இரவாக பார்சலோனா போய் டைட்டானியம் பிளேட் வைத்து, சனிக்கிழமை பந்தயத்திலேயே ஓட்டி ஐந்தாவதாக வந்தார். உலகமே கைதட்டியது. இரண்டு வாரம் கழித்து ஜெர்மனியின் ஸாக்ஸன்ரிங்கில் மறுபடி விழுந்தபோது பிளேட் வளைந்துவிட்டது, பார்சலோனாவில் மறுபடி அறுவை. அந்த வருடப் பட்டத்தை அவர் மார்க் மார்க்கேஸிடம் இழந்தது 4 புள்ளியில். பிளேட் எலும்புக்குக் கொடுக்கும் அவகாசம் மட்டும்தான், எலும்பு கூடும்வரை ஓடும் போட்டி. இன்னொரு பந்தய வீரர் டானி பெட்ரோசாவுக்கு 2010இல் வைத்த பிளேட்டை, கைக்குப் போகும் ரத்தக் குழாய் அழுத்தப்பட்டுக் கை மரத்ததால் அடுத்த வருடமே எடுக்க வேண்டி வந்தது. எலும்புக்குக் கீழே என்ன ஓடுகிறது என்று என் ஜூனியர்களுக்கு நினைவூட்ட இதைத்தான் சொல்வேன்.

அறுவை

திட்டத்தின் பெட்டியில் வந்தது ரீகன் பிளேட்டும் மேல்பரப்பு லாக்கிங் பிளேட்டும். முன்பக்க வடிவம் இல்லை. சப்ளையரிடம் பேசி மறுநாள் காலை பஸ்ஸில் வரவழைத்தோம், ஒரு நாள் தள்ளிப்போனது. இதற்கு முன்பானால் நான் தள்ளிப்போட்டிருக்க மாட்டேன்.

கழுத்து நரம்பு பிளாக்கும் முழு மயக்கமும், சாய்வு நாற்காலி நிலை, அறுவையின்போதே எக்ஸ்ரே காட்டும் சி-ஆர்ம் கருவி எதிர்ப்பக்கத்திலிருந்து. வெட்டை எலும்புக்கு நேர் மேலே போடாமல் சற்றுக் கீழே போட்டேன், தழும்பும் மூட்டைக்குக் கீழே விழாமல் இருக்கட்டும் என்று. தோலுக்குக் கீழே எலும்பைக் குறுக்கே தாண்டி மார்புக்கு இறங்கும் மெல்லிய உணர்வு நரம்புகளில் இரண்டைக் காப்பாற்ற முடிந்தது, ஒன்று முறிவின் நார்த் திசுவில் சிக்கியிருந்தது, அது போய்விட்டது. 13 நாள் ஆனதால் கால்லஸ், அதாவது முறிவை ஒட்ட வைக்கும் புது எலும்புத் திசு, பிசுபிசுவென்று உருவாகத் தொடங்கியிருந்தது, அதை வீசாமல் எடுத்து வைத்துக்கொண்டேன்.

இசட் துண்டுதான் இந்த அறுவையின் உயிர். சேர்த்து அழகாக வைக்க வேண்டும் என்ற ஆசையில் அதைச் சுற்றியுள்ள தசையைச் சுரண்டி எடுத்தால், துண்டு செத்த எலும்பாகிவிடும், எக்ஸ்ரே அன்று அழகாக இருக்கும், நாலு மாதம் கழித்துக் கூடியிருக்காது. கீழ்ப்பக்கத் தசையோடு தொங்கியபடியே அதைத் திருப்பி, உள்துண்டோடு ஒரு 2.7 லேக் ஸ்க்ரூவால் இறுக்கி, மூன்று துண்டை இரண்டாக்கினேன். பிறகு வெளித்துண்டை இழுத்து நீளத்தைக் கொண்டுவந்து, முன்-கீழ்ப் பக்கத்தில் எட்டுத் துளை பிளேட், முறிவின் ஒவ்வொரு பக்கமும் மூன்று ஸ்க்ரூ, நடுத் துளைகள் காலி. டிரில் எதிர்ப்பக்கம் தாண்டும் கணத்தில் கையை நிறுத்த வேண்டும், அதற்கு ஸ்டாப்பரும் வைத்தோம், எலும்புக்குப் பின்னால் ஒரு தடுப்புக் கருவியும் வைத்தோம். எடுத்து வைத்த கால்லஸை இடைவெளியில் நிரப்பி, மூடும் முன் காயத்தில் உப்புநீர் ஊற்றி, மயக்க மருத்துவரிடம் நுரையீரலை ஊதச் சொல்லிக் குமிழி வருகிறதா என்று பார்த்தோம். வரவில்லை. தசை உறையைத் தனி அடுக்காகத் தைத்து பிளேட்டை முழுதாக மூடினோம், இதை அவசரத்தில் விட்டால் முன் பிளேட் வைத்ததன் பலனே போய்விடும்.

பிறகு

இரண்டாவது வாரம் தையல் பிரித்தோம், காயம் சுத்தம். கையைத் தொங்கவிட்டு ஆட்டும் பயிற்சி முதல் வாரத்திலேயே தொடங்கியிருந்தது. ஆறாவது வாரம் கை தலைக்கு மேலே முழுதாகப் போனது, எக்ஸ்ரேயில் லேசான கால்லஸ். பீடி மூன்றாகக் குறைந்தது, நிற்கவில்லை.

ஒன்பதாவது வாரம் வலியோடு வந்தார். விசாரித்தால், ஐந்து நாளாகத் தக்காளிப் பெட்டி தூக்கியிருக்கிறார். எனக்குக் கோபம் வந்தது, சத்தமும் போட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மனைவிதான் சொன்னார், வாரவட்டிக்கு வாங்கியதைக் கட்ட வேண்டிய நாள், இரண்டு வாரம் தவறியாயிற்று, வீட்டு வாசலில் வந்து உட்காருகிறார்கள் என்று. எக்ஸ்ரே எடுத்தோம். பிளேட் நேராக இருந்தது, ஸ்க்ரூ ஒன்றும் தளரவில்லை, முறிவுக்கோடு மங்கத் தொடங்கியிருந்தது. அந்தப் படத்தை வியூ பாக்ஸில் பார்த்த நிமிடம், சிலிண்டர் தூக்கிய அந்தப் பையனின் மடங்கிய பிளேட்தான் நினைவுக்கு வந்தது. இவருக்கும் அன்று ரீகன் பிளேட் இருந்திருந்தால் நான் என்ன படத்தைப் பார்த்திருப்பேன்?

என் தவறும் இதில் இருக்கிறது. "மூணு மாசம் எடை தூக்கக் கூடாது" என்று சீட்டில் எழுதிக் கொடுத்தேனே தவிர, அந்த மூன்று மாதம் வீட்டில் அடுப்பு எப்படி எரியும் என்று கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். மார்க்கெட் கங்காணியிடம் போனில் பேசி, எடை போடும் இடத்தில் சீட்டு எழுதும் வேலையை ஆறு வாரத்துக்கு வாங்கிக் கொடுத்தோம், கூலி பாதிதான், ஆனால் வந்தது. அறுவைக்கு முன்பே இதைச் செய்திருக்க வேண்டும்.

பதினான்காவது வாரம் மூன்று பக்கத்திலும் எலும்பு பாலம் போட்டிருந்தது. ஐந்தாவது மாதம் இடது தோளில் பாதி மூட்டை, ஆறாவது மாதம் வலது தோளில் முழு மூட்டை. நீளம் மற்ற பக்கத்தோடு ஏறக்குறைய ஒன்றுதான். காயத்துக்குக் கீழே மார்பில் உள்ளங்கை அளவுக்கு மரத்த இடம் இருந்தது, இப்போது ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குச் சுருங்கியிருக்கிறது. இந்த மரப்பு வரும் என்று முன்பே சொல்லிவிட்டால் யாரும் பயப்படுவதில்லை.

இன்னொரு முறை செய்தால் எதை மாற்றுவேன் என்று யோசித்தால், பிளேட்டை மாற்ற மாட்டேன். தோல் காய்வதற்கான நாட்களைக் குறைக்க முடிந்திருந்தால் எலும்பைச் சேர்ப்பது சுலபமாக இருந்திருக்கும். மேலே மூட்டை ஏறாத, மெலிந்த உடம்புள்ள ஒருவருக்கு, வெளிமுனைப் பக்கம் முறிவு நீண்டிருந்தால், மேல் பிளேட்டுக்கே போவேன், வெளிமுனையில் எலும்பு தட்டையாக அகன்று கிடப்பதால் அங்கே மேலிருந்துதான் பிடிமானம் கிடைக்கும். சிறு இரட்டை பிளேட் செட் எங்கள் ஊரிலேயே கிடைக்கத் தொடங்கிவிட்டதால், தோல் மெலிந்த பெண்களுக்கு இப்போது அதை அதிகம் யோசிக்கிறேன்.

பதினாறாவது மாதம் அவர் மறுபடி வந்தார், பிளேட்டை எடுக்க வேண்டுமா என்று கேட்க. பக்கத்து லோடுமேன் ஒருவர், கம்பி உள்ளே இருந்தால் வயதான காலத்தில் வாதம் வரும் என்று சொல்லியிருக்கிறார். அப்படி ஒன்றும் இல்லை என்றேன். எடுத்தால் ஸ்க்ரூ இருந்த துளைகள் நிரம்பச் சில மாதம் ஆகும், அந்த நேரத்தில் மூட்டை ஏற்றினால் அதே எலும்பு மறுபடி உடையலாம், உறுத்தல் இல்லையென்றால் அது பாட்டுக்கு இருக்கட்டும். "உறுத்துதாண்ணே?" என்று கேட்டேன். சட்டையை விலக்கிக் காட்டினார். பழைய காய்ப்பு திரும்ப வந்திருந்தது, அதே இடத்தில். அழுத்திப் பார்த்தேன், விரலுக்கு எலும்புதான் தட்டுப்பட்டது, பிளேட் தெரியவில்லை. அன்று மதியம் இரண்டு லோடு பாக்கி இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்.